பூட்டிய கூழ்

வாழைத்தோப்புகளுக்கு நடுவில் பிறந்தவள், வாழைப்பழக் கூழைக் கப்பலில் வரவழைத்துப் பிழைத்தாள் என்று சொன்னால் அந்தக் காலத்து ஆட்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாடல் நோய் வந்து தாமிரபரணிக் கரை முழுக்க வாழை செத்த பிறகு, பழம் என்பதே டிரம்மில் வருகிற சரக்காகிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தால் நீல டிரம்கள், டிரம்முக்குள் வெள்ளிப் பை, பைக்குள் கூழ். அங்கிருந்து பிஸ்கட் கம்பெனிக்குப் போகும், ஐஸ்கிரீம் கம்பெனிக்குப் போகும், குழந்தை உணவு செய்கிறவர்களுக்குப் போகும். பால்துரை அண்ணாச்சியின் இறக்குமதி நிறுவனத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற மேலாளர் நான். பெயர் மங்கையர்க்கரசி, மங்கை என்றால் போதும்.

இறங்குகிற கூழை அப்படியே வாயில் வைக்க முடியாது. வேப்பெண்ணெய் தோற்றுவிடும், அவ்வளவு கசப்பு. விற்கிற தோட்டக் கம்பெனிக்காரன் வாழைக் கன்றிலேயே பூட்டுப் போட்டு வைத்திருந்தான். நடுவழியில் யாரும் திருடக் கூடாதாம், வாங்கியவன் இன்னொருவனுக்குக் கைமாற்றக் கூடாதாம். பூட்டைத் திறக்கத் தனியாக ஒரு பொடி வரும். அதற்கு எங்கள் கிடங்கில் சாவி என்றே பெயர். பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர் தூங்கிக்கொண்டிருக்கும். தயிருக்கு உறை மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம்: அது பெருகாது. திறந்த கூழில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த டிரம்முக்கு உறை ஊற்றிவிட முடியாது. அதையும் யோசித்துத்தான் செய்திருந்தான்.

சாவிக்கு இரண்டு வேலை. கசப்பை எடுப்பது முதல் வேலை, அது டிரம்மிலேயே நடந்துவிடும். கூழின் சத்தை உடம்பில் சேர்ப்பது இரண்டாவது. அது வயிற்றுக்குள் போன பிறகு நடப்பது, சாவி உயிரோடு போனால் மட்டும் நடப்பது. பிஸ்கட்காரருக்கு முதல் வேலை போதும், எப்படியும் சுடப்போகிற மாவுதானே. என் மகள் நித்திலாவுக்கு இரண்டும் வேண்டும்.

சுருக்குக் காய்ச்சல் என்று ஒன்று வந்து போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அதில் தப்பித்த குழந்தைகள் சிலருக்குக் குடல் சோற்றை ஏற்காது, பாலை ஏற்காது. இந்த ஒரு ரகக் கூழில் செய்த உணவு மட்டும் உள்ளே தங்கும். நித்திலாவுக்கு ஆறு வயது. மற்ற பிள்ளைகள் மிட்டாய் தின்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றிருந்தாள், அழக்கூட மாட்டாள். கூழ் இருந்தவரை அவளும் ஓடினாள், சிரித்தாள், பக்கத்து வீட்டுப் பூனையைப் பாடாய்ப் படுத்தினாள்.

ஒரு நாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை.

“அந்தப் பழைய ரகத்துக்குச் சாவி அனுப்புறத நிறுத்திட்டாங்களாம்மா. புது ரகம் தாரோம்ங்காங்க. பிஸ்கட்காரனுக்கு எது வந்தா என்ன, இனிச்சாப் போதும். நம்ம பிள்ளைக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல.”

புது ரகம் அந்தக் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கொடுத்த சொட்டும் வெளியே வந்தது. நான் தோட்டக் கம்பெனியின் பிரதிநிதியைத் திரையில் பிடித்தேன். சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த தமிழன்தான், நல்ல மரியாதைக்காரன். கெஞ்சினேன். கிடங்கு நிறைய அந்த ரகக் கூழ் கிடக்கிறது, சாவி மட்டும் கொஞ்சம் அனுப்புங்கள் என்றேன்.

“மேடம், உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அந்த ரகத்த இப்போ கேக்குறது நோயாளிக் குழந்தைங்க மட்டும்தான். அவ்வளவு சின்ன மார்க்கெட்டுக்குச் சாவி வளர்க்குறது கட்டுப்படியாகாது.”

அப்படியானால் சாவி செய்கிற விதத்தையாவது சொல்லுங்கள், நாங்களே வளர்த்துக்கொள்கிறோம் என்று கேட்டேன். அது கம்பெனியின் சொத்து என்றான். குரலை உயர்த்தவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டில் அந்த உணவின் கடைசிப் பாக்கெட்டுகளை நான் அரை அரையாகக் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயத்தில்தான் செண்பகவல்லி வந்து நின்றாள். எங்கள் கிடங்கில் நாக்குச் சோதனை அவளுடையது. எத்தனை கருவி வந்தாலும் உணவுக் கம்பெனிக்காரர்கள் ஒரு மனித நாக்கு தொட்டுப் பார்த்ததா என்று கேட்பார்கள். டிரம்முக்கு ஒரு கரண்டி, வாயில் வைத்து, பார்த்து, துப்ப வேண்டும். பிறகு கம்பெனி கொடுத்த கழுவுநீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். அது விதி.

“யக்கா, ஒரு விஷயம். வைய மாட்டீங்கன்னா சொல்லுதேன். பூட்டுன கூழு என் வாயில கொஞ்ச நேரம் இருந்தா இனிச்சிருது. ரெண்டு வருஷமாவே அப்படித்தான். அந்தக் கழுவுநீரு வாயப் புண்ணாக்கிருதுன்னு நான் பச்சத் தண்ணிலதான் கொப்பளிக்கேன்.”

வைவதா! நான் அவளை இழுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். பூட்டிய கூழை ஒரு சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அவள் வாயில் வைத்த கரண்டியை அதில் விட்டுக் கலக்கி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தேன். மறுநாள் மூடியைத் திறந்ததும் வாழைப்பழ வாசனை முகத்தில் வந்து மோதியது. சின்ன வயதில் தோப்பில் முகர்ந்த வாசனை. நான் அந்தப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நடந்தது இதுதான். வருஷக்கணக்கில் சாவி பட்டுப் பட்டு, அவள் வாயில் இயல்பாகவே இருக்கிற கிருமிகள் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டன. கம்பெனிக்காரன் பெருகக் கூடாது என்று செய்தது, செண்பகத்தின் எச்சிலில் பெருகிக்கொண்டிருந்தது. ஒரு பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி, அதிலிருந்து ஒரு டிரம். உறை ஊற்றத் தெரிந்த எவளும் செய்யலாம்.

அந்த உணவை நம்பியிருந்த பெற்றோர்களை எல்லாம் கிடங்குக்கு வரச் சொல்லி, உண்மையை ஒளிக்காமல் சொன்னேன். அண்ணாச்சி வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை, பிள்ளைகள் வயிற்றுக்குள் போகிற பொருள். கேட்டவர்கள் முகம் எப்படி மாறியது என்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுத்தம் என்றார் ஒருவர். கிருமி என்றார் இன்னொருவர். டாக்டர் சொல்லட்டும் என்று ஒரு அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். டாக்டரிடம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். எச்சில் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. செண்பகம் எந்தத் தெரு என்றும் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சென்னையில் ஏதோ புது மருந்து சோதிக்கிறார்கள் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளில் இன்று யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியில் கூழை எடுத்துக்கொண்டது இரண்டே வீடு. ஒன்று என் வீடு. இன்னொன்று செண்பகத்தின் தெருவில் இருந்த பேச்சியின் வீடு, அவள் மகள் சுடருக்கும் அதே நோய்.

என் கணவர் சங்கரலிங்கம் நல்ல மனிதர். இதைக் கோபத்தோடேயே சொல்கிறேன், ஆனால் சொல்லத்தான் வேண்டும். நித்திலாவுக்கு நோய் வந்ததும் வங்கி வேலையை விட்டுவிட்டு அவளோடு வீட்டில் இருந்தவர். குளிப்பாட்டுவது, தலை சீவுவது, கதை சொல்லி ஊட்டுவது எல்லாம் அவர்தான். எங்கள் வீட்டில் தண்ணீரை எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்போம், தம்ளர் உதட்டில் பட்டால் அவருக்கு முகம் சுளித்துவிடும். அவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். “அவ வாயிலருந்தா?” என்று ஒரு முறை கேட்டார். நான் ஆமாம் என்றேன். பிள்ளை பிழைத்தால் போதும் என்றார். அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். தலையாட்டினார்.

நித்திலா கூழை ஆசையாகத்தான் சாப்பிட்டாள். பாக்கெட்டில் வந்ததைவிட இது ருசியாக இருக்கிறது என்றாள். ஆனால் தேறவில்லை. வாரம் போகப் போக முதுகெலும்பை விரலால் எண்ணலாம் போல ஆனாள். பூனை வந்து காலடியில் படுத்தாலும் கையை நீட்டித் தடவுவதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எடை பார்க்கும்போதெல்லாம் எண் இறங்கியிருந்தது. நான் பாத்திரத்தை மாற்றினேன், டிரம்மை மாற்றினேன், கிடங்கில் கூழ் இருக்கும் இடத்தின் சூட்டை மாற்றினேன். செண்பகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வெற்றிலை போடுகிறாயா, மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று அவளைக் குடைந்தேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“சுடர் எந்திரிச்சு நடக்காக்கா. நேத்து தெருக்குழாய் வரைக்கும் போயிட்டு வந்தா. ஒங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குன்னு எனக்கும் வெளங்கல.”

சுடருக்கு வந்த காய்ச்சல் லேசானதாக இருந்திருக்கும் என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச்சியின் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் கிடங்குக்கும் அலைந்ததில் அது தோன்றவே இல்லை.

அதற்குள் தோட்டக் கம்பெனிக்குச் செய்தி போய்விட்டது. எழுந்து போனவர்களில் யாராவது சொல்லியிருப்பார்கள், சாவி வாங்காமல் டிரம் தீர்வதை அவர்களே கவனித்தும் இருப்பார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் பாத்திரங்களில் இருப்பது திருட்டுச் சாவி, அதை அழிக்க வேண்டும், செண்பகவல்லியின் வாயிலிருந்தும் அழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு பெண்ணின் வாய்க்குள் இருப்பது யாருடையது என்று ஒரு கோர்ட்டில் மணிக்கணக்காகப் பேசினார்கள். நான் காதால் கேட்டேன்.

எங்கள் வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார். இந்தக் கூழால் ஒரு குழந்தை பிழைத்தது என்று மருத்துவச் சான்றோடு காட்டினால் அழிப்பதற்குத் தடை வாங்கிவிடலாம். சுடர் பெரிய ஆஸ்பத்திரிப் படியே ஏறியதில்லை, அவளுக்கு எந்தச் சான்றும் இல்லை. சான்று இருந்தது நித்திலாவுக்கு மட்டும். அது என்ன சொன்னது என்று உங்களுக்கே தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்து வாசித்தார். இந்தக் கூழைக் குடித்து ஒரு குழந்தை செத்துக்கொண்டிருக்கிறது என்றார். நீதிபதி என்னைப் பார்த்து, அம்மா, இது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்த அன்று செண்பகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“யக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். கோயில்பட்டில எங்க சித்தி வீடு இருக்கு, போயிருதேன். பொறவு தேடிக்கிடட்டும். ஒங்க பிள்ளைக்கு இது வேணுமா, வேண்டாமா?”

பிள்ளை உடம்பிலேயே ஏறவில்லை, நீ எதற்கு ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவள் கையைப் பிடித்தேன். அவள் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த வண்டியில் ஏறினாள். கிருமி கொல்லும் மருந்தால் வாயைக் கழுவி அனுப்பினார்கள், திரும்பி வந்தபோது உதடு வீங்கி, வாய் முழுக்க வெந்து போயிருந்தது. நாக்கில் உப்பு வைத்தாலும் தெரியவில்லை என்று கையால் ஜாடை காட்டினாள். நாக்கை வைத்துப் பிழைத்தவள். கிடங்கிலிருந்த பாத்திரங்களை எல்லாம் அவர்கள் ஆட்களே சோடாக் காரம் ஊற்றிக் கழுவிச் சாக்கடையில் விட்டார்கள். டிரம்களுக்குச் சீல் வைத்தார்கள். நான் நின்று பார்த்தேன்.

வழக்கத்துக்கு முன்னதாகவே அன்று வீட்டுக்கு வந்துவிட்டேன். சமையலறையில் ஏலக்காய் வாசனை. சங்கரலிங்கம் அடுப்பு முன்னால் நின்று, காலையில் நான் கொண்டுவந்து வைத்திருந்த கூழ் முழுவதையும் கிண்டிக்கொண்டிருந்தார். தளதளவென்று கொதித்தது. பிள்ளைக்குப் பிடித்த பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். சூடு பண்ணுகிறேன் என்றார், தினமும் பண்ணுவதுதானே என்கிற மாதிரி. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“அடுப்புல வைக்காதீங்கன்னு சொன்னேனே.”

“நீ கொண்டு வாரப்பவே கசப்பு போயிருதே மங்கை. சாவி வேல முடிஞ்சிருச்சு. பொறவு அதுல மிச்சம் இருக்கது எச்சிதான? அதக் கொதிக்க வச்சு எடுத்துட்டுத்தான் குடுத்தேன். எம்பிள்ளைக்கு அடுத்தவ எச்சிய எப்படி ஊட்டுவேன், சொல்லு.”

அவ்வளவு நியாயமாகச் சொன்னார். பிள்ளைக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது என்கிற அப்பாவின் குரலில் சொன்னார். அவரை அடித்திருக்கலாம், கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சத்து சேர்வது வயிற்றுக்குள், உயிரோடு போனால்தான். கொதித்தால் வெறும் இனிப்புத் தண்ணீர். இத்தனை வாரமாக நம் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள், நீங்கள் கதை சொல்லிச் சொல்லி ஊட்டிய பட்டினி. அவளைக் காட்டித்தான் கோர்ட்டில் தோற்றோம், அவளைக் காட்டித்தான் செண்பகத்தின் வாயைச் சுட்டார்கள். இனி ஊரில் எங்கும் சாவி இல்லை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் கரண்டி அப்படியே இருந்தது. அவரைத் தேற்ற எனக்கு நேரமில்லை, மனசும் இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கூழைப் பச்சையாகக் குடித்த வாய் ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது.

பேச்சியின் வீட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். இத்தனை நாளில் அந்தத் தெருவுக்குள் நான் வந்ததே இல்லை. சுடர் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பேச்சி என்னை உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன், கொதிக்க வைத்ததையும் சேர்த்து. பிறகு அவளும் தயங்கித் தயங்கி உள்ளதைச் சொன்னாள்: செண்பகம் முன்கூட்டியே இரண்டு குடம் பூட்டிய கூழைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். சுடர் சாப்பிட்ட கரண்டியை அதில் விட்டு வைத்தால் மறுநாள் இனிக்கிறது. இது தெரிந்தால் அவர்கள் சுடரின் வாயையும் கழுவ வருவார்கள். கழுவினால் சுடர் பிழைக்க மாட்டாள். எங்கள் இருவருக்கும் இது தெரிந்திருந்தது. ஒரு பாத்திரம் கொடுத்தால் போதும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கை நீட்டினேன். பிச்சை எடுக்கிறவளைப் போலத்தான் நின்றேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பேச்சி வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்புள்ள உசுர ஒங்க கையில குடுக்கச் சொல்லுதீங்க மேடம். செண்பகத்துக்கு நடந்தத நான் பாத்தேன்.” வாசலில் ஆடுகிற சுடரைத் திரும்பிப் பார்த்தாள். “பாத்திரத்துல குடுத்து விட மாட்டேன். ஒங்க வீட்டுக்குப் போனா அது அடுப்புல ஏறும். பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. அவ அப்பாவும் வரட்டும். இங்க வச்சு, எங்கண்ணு முன்னாடி ஊட்டட்டும்.”

கூட்டிக்கொண்டு வந்தோம். ஆட்டோவிலிருந்து இறக்கும்போது நித்திலாவின் தலை அவர் தோளில் தொங்கியது. பேச்சி பாய் விரித்தாள். ஒரு கிண்ணத்தில் கூழ் எடுத்து வந்தாள். சுடர் முதலில் ஒரு வாய் சாப்பிட்டு, கரண்டியை நன்றாக நக்கி, கிண்ணத்தில் திரும்பப் போட்டுக் கலக்கினாள். யாரோ சொல்லிக்கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிற முகம். பேச்சி கிண்ணத்தை என் கணவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கரண்டி பக்கத்தில் வந்ததும் நித்திலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசியில் கண் சொருகியிருந்த பிள்ளை, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“இது அந்த அக்கா எச்சிப்பா,” என்றாள், மூச்சு வாங்க. “நீங்க இன்னும் கொதிக்க வைக்கல.”

பேச்சி எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இத்தனை நாளும் ஒவ்வொரு வாய்க்கும் அவர் என்ன சொல்லி ஊட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொதிக்க வைத்தாச்சு, எச்சி போயாச்சு, இப்பச் சாப்பிடலாம். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

சங்கரலிங்கம் அந்தக் கரண்டியைத் தன் வாயில் வைத்தார். உதட்டை மூடி, கரண்டியை மெல்ல உருவி எடுத்தார். விழுங்கினார். நித்திலா அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஒண்ணும் இல்லட்டி,” என்றார். “அப்பா சொன்னது தப்பு.”

அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் அதே கரண்டியைக் கிண்ணத்தில் விட்டு இன்னொரு வாய் எடுத்தார். அவள் பார்க்கும்படி மறுபடியும் சாப்பிட்டுக் காட்டினார்.